வைக்கோலின் கணக்கு

சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தா நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், கவரைப்பேட்டையைக் கடந்து கும்மிடிப்பூண்டியை அணுகுகின்றவர் இரண்டு உலகங்களை ஒருங்கே காணலாம். ஒரு பக்கம் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல் வயல்கள். சற்றுத் தொலைவில் இரும்பு உருட்டாலைகளின் புகைபோக்கிகள். அறுவடை முடிந்த நாளில் அவ்வழியே செல்லும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. வயலில் கிடக்கும் வைக்கோலுக்கும் அந்தப் புகைபோக்கிக்கும் உறவு ஏற்படுத்த இயலுமா? இயலும் என்று சொல்வோர் பலர். ஆனால், எவ்வளவு வைக்கோல் உண்மையில் மிஞ்சுகிறது என்பதே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. அதன் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

வைக்கோலைத் தொழிற்பொருளாகக் காணும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தில் மத்தையஸ் கூப்ஸ் என்பவர் 1800-ஆம் ஆண்டில் வைக்கோலால் செய்த காகிதத்திலேயே ஒரு நூலை அச்சிட்டு, மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குக் காணிக்கையாக்கினார். கந்தல் துணி கிடைக்காமல் காகிதத் தொழில் திண்டாடிய காலம் அது. ஊக்கம் பெற்ற கூப்ஸ் பெரியதோர் ஆலையையும் நிறுவினார். சில ஆண்டுகளிலேயே அது நொடித்துப் போயிற்று. வைக்கோலிலிருந்து காகிதம் செய்ய முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால், செய்ய முடிவது வேறு, செய்து நிலைப்பது வேறு என்பதும் உடன் மெய்ப்பிக்கப்பட்டது.

நம் நாட்டில் இப்பொருள் பற்றி முதலில் ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் ஒருவர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். 1889-இல் இந்தியா வந்து, ஊர் ஊராகச் சுற்றி, 1893-இல் தம் அறிக்கையை வெளியிட்ட வேளாண் இரசாயன அறிஞர் அவர். உழவன் சாணத்தை எரிப்பதைக் கண்டு, அவனுடைய அறியாமையே காரணம் என்று பலர் பழித்தனர். வோல்க்கரோ, விறகு கிடைக்காமையால்தான் அவன் எருவை அடுப்பில் இடுகிறான் என்று கண்டு சொன்னார். ஊரில் வீண் என்று வெளியார் கருதும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஊரார் ஒரு வேலை வைத்திருக்கிறார்கள் என்ற பாடத்தை அதிலிருந்து நாம் பெறலாம்.

வைக்கோலுக்கு இது முற்றும் பொருந்தும். 1997-இல் செங்கற்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது உருவான இன்றைய திருவள்ளூர் மாவட்டம், ஆரணியாறும் கொசத்தலையாறும் ஏரிகளும் வளம் தரும் நெல் நாடு. சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களில் இங்கு நெல் விளைகிறது. களத்தில் போரடித்து எடுத்த வைக்கோல் மாட்டுக்குத் தீனியாயிற்று, கூரைக்கு மேய்ச்சலாயிற்று, பிரியாகத் திரிந்தது, வண்டியேறிப் பட்டணத்துத் தொழுவங்களுக்கும் சென்றது. வீட்டின் பக்கத்தில் நின்ற போரின் உயரமே குடியானவனின் செல்வத்தை ஊருக்கு அறிவித்தது.

இந்நிலையை இரண்டு மாறுதல்கள் குலைத்தன. முதலாவது, 1966-இல் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல். பழைய நெட்டை இரகங்களில் பயிரின் மொத்த எடையில் சுமார் 30 விழுக்காடே நெல், எஞ்சியது வைக்கோல். குட்டை இரகத்திலோ ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. ஆகவே, ஒரு டன் நெல்லுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கிடைத்த வைக்கோல் ஒரு டன் அளவிற்குச் சுருங்கியது. இரண்டாவது மாறுதல் இயந்திரம். உழவு எருதின் இடத்தை டிராக்டர் பிடித்தது; அரிவாளின் இடத்தை அறுவடை இயந்திரம் பிடித்தது. இயந்திரம் வைக்கோலை நொறுக்கி வயலிலேயே சிதறிவிடுகிறது. அதைத் திரட்டக் கட்டு கட்டும் இயந்திரம் வேண்டும். அது வாராத இடத்தில் தீக்குச்சி வருகிறது. பஞ்சாபிலும் அரியானாவிலும் எழும் அப்புகை தில்லி மக்களின் மூச்சையே அடைப்பதை நாம் அறிவோம்.

எரித்து வீணாக்குவதைவிட ஆலைக்குத் தரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. எவ்வளவு தரலாம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஊரில் 100 ஹெக்டேர் நெல் விளைகிறது என்று கொள்ளுங்கள். ஹெக்டேருக்கு 4 டன் வீதம் 400 டன் நெல். நெல்லும் வைக்கோலும் சம எடை என்றால் வைக்கோலும் 400 டன். அடித்தாளாக வயலில் நிற்பது கால் பங்கு. திரட்டக் கிடைப்பது 300 டன். ஊரில் நூறு மாடுகள்; மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வீதம் ஆண்டுக்குச் சுமார் 219 டன் தீனி. மிஞ்சுவது 81 டன். இப்போது, ஒன்றுக்கு ஒன்று என்பதற்குப் பதிலாக ஒன்றுக்கு ஒன்றரை என்று வைத்துக் கணக்கிடுங்கள். விளைவது 600 டன். திரள்வது 450 டன். மிஞ்சுவது 231 டன்! ஊர் மாறவில்லை, வயல் மாறவில்லை, மாடும் மாறவில்லை. ஒரே ஓர் எண்ணை மாற்றியதும் மிகை ஏறக்குறைய மும்மடங்காகிவிட்டது.

நாடு முழுமைக்கும் இவ்வாறே. வேளாண் கழிவு ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன், அதில் மிகை 12 முதல் 15 கோடி டன் என்று நடுவண் அரசு ஒரு காலத்தில் கூறிவந்தது. பின்னர் மொத்தம் 75 கோடி டன், மிகை 23 கோடி டன் என்று கூறலாயிற்று. விளைச்சலின் உயர்வோடு அளக்கும் முறையின் வேறுபாடும் இத்தகைய எண்களில் கலந்திருக்கும் என்பதை மாணவர்கள் மறத்தலாகாது.

அடுத்து ஆலையின் பசியைப் பார்ப்போம். 10 மெகாவாட் மின் நிலையம் ஒன்றை வைக்கோலால் மட்டும் ஓட்ட, ஆண்டுக்கு ஏறத்தாழ 70,000 டன் வேண்டும். ஊருக்கு 81 டன் வீதம் தருவதானால் எண்ணூறு ஊர்களுக்கு மேல் அலைய நேரும். பஞ்சாபில் ஜல்கேரி என்னுமிடத்தில் இதே அளவுள்ள நிலையம் ஒன்று 1992-இல் நிறுவப்பட்டது. இடையூறுகள் பலவற்றால் அது தடையின்றி ஓட இயலவில்லை. வைக்கோலின் இயல்பே அதற்கு இடர் தருவது. எடை சிறிது, இடம் பெரிது. சாம்பல் மிகுதி, பொட்டாசியமும் குளோரினும் கொதிகலனின் குழாய்களில் படிந்து அரிக்கின்றன. காகித ஆலையிலோ அதன் மணற்சத்தாகிய சிலிக்கா இரசாயனங்களை மீட்கும் கருவிகளை அடைத்துவிடுகிறது.

அப்படியானால் முயற்சியே வீண் என்று சொல்ல வந்தேனா? இல்லை. வெற்றிக்கு வழி காட்டும் சான்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1979-இல் தோன்றிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர்ப் பகுதியில் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்தது. சக்கை, ஆலை வாயிலில் தானாகவே குவியும் பொருள். வயல் வயலாகத் திரட்ட வேண்டியதில்லை. எனினும் அதுவும் வீண்பொருளன்று; சர்க்கரை ஆலைகள் அதையே எரித்து நீராவி உண்டாக்கி வந்தன. ஆகவே, சக்கையைப் பெற்றுக்கொண்டு அதற்கு ஈடாக எரிபொருளோ நீராவியோ தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. எடுத்துக்கொண்ட பொருள் முன்பு செய்த வேலைக்கு மாற்று அளித்தார்கள். வெற்றியின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கும்மிடிப்பூண்டிக்கும் இந்நெறியே பொருந்தும். ஆலைக் கொதிகலனில் நிலக்கரிக்குத் துணையாக வைக்கோல் கட்டிகள் எரியலாம். ஆனால், மண்ணுக்கு என்ன ஈடு? ஒரு டன் வைக்கோலோடு 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 14 முதல் 20 கிலோ சாம்பல்சத்தும் வயலை விட்டு வெளியேறுகின்றன. நிலமில்லாத கூலிக் குடும்பம் ஒன்று ஒரே ஒரு கறவை மாட்டை நம்பி வாழ்கிறது. அறுத்த வயலில் அது அள்ளி வரும் வைக்கோலுக்கு இரசீது கிடையாது. இரசீது இல்லாத பொருள் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாதது மிகை என்றே எழுதப்படும். உழவன் விற்பான், ஆலை வாங்கும். இருவருக்கும் ஊதியம் உண்டு. நடுவில் அந்த மாட்டின் தொட்டி மட்டும் வெறுமையாகும். மிகை என்பது ஒரு பொருளின் பெயரன்று. யாருடைய தேவையைக் கழித்தோம், யாருடைய தேவையை மறந்தோம் என்பதன் பெயர்.

மாணவர்களே, உங்கள் ஊரில் அடுத்த அறுவடையின்போது ஒரு குறிப்பேட்டுடன் புறப்படுங்கள். எத்தனை ஏக்கர், எத்தனை போர், எத்தனை மாடு என்று எண்ணுங்கள். எரிந்தது எவ்வளவு, மழையில் மக்கியது எவ்வளவு, விலைக்குப் போனது எவ்வளவு என்று கேளுங்கள். நிலமுள்ளவர் வீட்டோடு நின்றுவிடாமல், நிலமில்லாதவர் வீட்டிலும் கேளுங்கள். அவ்வாறு ஊர்தோறும் எடுத்த கணக்கின் மேல் எழுப்பும் தொழிலே நிலைக்கும்.