ஜான் கூஜோன் வீதிக் கோயில்

நான் கோப்பை கழுவத் தொடங்கி இப்போது அடுப்படிவரை முன்னேறியிருக்கிற உணவகம் பாரிஸ் எட்டாம் வட்டாரத்தில், சேன் நதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இருப்பது ஸ்டாலின்கிராட்டில். மத்தியானச் சாப்பாடு முடிந்து குசினியைக் கழுவிவிட்டால் ஆறு மணிவரை வேலையில்லை. வீட்டுக்குப் போய்வர மனமிருக்காது. அப்படி நடந்து திரிந்தபோதுதான் ஜான் கூஜோன் வீதியில் அந்தக் கோயிலைக் கண்டேன். பணக்காரக் கட்டடங்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கிற, கூம்புக் கோபுரம் வைத்த ஆர்மேனியக் கோயில்.

அகதிகள் கட்டியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை. 1902 இல் தொடங்கி 1904 இல் கட்டி முடித்தது. காசு கொடுத்தவர் அலெக்சாண்டர் மந்தாஷேவ், காகசஸ் பக்கத்து எண்ணெய் முதலாளி. 'ஏன் பாரிசில் போய்க் கட்டினீர்கள்?' என்று கேட்டதற்கு, தான் அதிகம் பாவம் செய்த ஊர் அதுதான் என்று சொன்னாராம். பகிடியோ உண்மையோ, கதை நிலைத்துவிட்டது.

அதே வீதியில் சில கட்டடங்கள் தள்ளி இன்னொரு சிற்றாலயம். 1897 மே 4 இல் அங்கே நடந்த தருமச் சந்தையில், அப்போது புதிதாக வந்திருந்த சினிமாப் படம் காட்டும் கருவியின் விளக்கில் தீப்பிடித்து நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் மேட்டுக்குடிப் பெண்கள். அவர்கள் நினைவாக எழுந்தது அது. இரண்டையும் வரைந்தவர் ஒரே கட்டடக் கலைஞர், அல்பேர் கில்பேர்.

கோயில் கட்டிப் பதினொரு வருடத்தில், 1915 ஏப்ரல் 24 இரவு, கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஓட்டோமன் அரசு ஆர்மேனிய எழுத்தாளர், ஆசிரியர், வைத்தியர், பாதிரிமாரைப் பட்டியல் போட்டுப் பிடித்தது. பிறகு நடந்தது இனப்படுகொலை. தப்பிய சனம் 1920களில் மார்செய் துறைமுகத்தில் இறங்கி ஒடோ முகாமில் கிடந்தது. 1924 முதல் அவர்களுக்கு நான்சன் கடவுச்சீட்டு என்று ஒன்று கொடுத்தார்கள். நாடில்லாதவருக்கான காகிதம். எங்களுடைய காகிதத்தின் பாட்டன் என்று வையுங்கள்.

அன்றிரவு பிடிபட்டவர்களில் ஒருவர் கொமிதாஸ். பாதிரியார். ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பாட்டுகளைச் சேகரித்தவர். உயிரோடு திரும்பினார், ஆனால் மனம் உடைந்துவிட்டது. 1919 இல் பாரிசுக்குக் கொண்டுவந்தார்கள். 1935 இல் வில்ஜூயிஃப் மனநோய் மருத்துவமனையில் இறந்தார். ஸ்டாலின்கிராட்டில் ஏழாம் இலக்க மெத்ரோ ஏறுகிறவர்களுக்கு வில்ஜூயிஃப் கடைசித் தரிப்பிடத்தின் பெயர். களைத்துப்போய் நித்திரையில் அதுவரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

கோயிலிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஆற்றோரம் கொமிதாசுக்குச் சிலை இருக்கிறது, 2003 இல் வைத்தது. ஏப்ரல் 24 என்றால் அங்கே சனம் கூடும். சிலை நிற்கிற பூங்காவுக்கு 2009 இல் எரெவான் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். அந்த வருட ஏப்ரல், மே மாதங்களில் நாங்கள் இதே பாரிஸ் வீதிகளில் பதாகையோடு நின்றோம். 1915 இல் நடந்தது இனப்படுகொலை என்று பிரான்ஸ் சட்டமாக ஏற்றது 2001 ஜனவரி 29 இல். ஒரேயொரு வசனம்தான் அந்தச் சட்டம். அதற்கு 86 வருடம் எடுத்தது. 2009 உடன் 86 ஐக் கூட்டிப் பார்த்தேன்... 2095.

ஒருநாள் கோயில் திறந்திருந்தது. மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்த ஒரு கிழவி எந்த ஊர் என்று கேட்டார். தமிழர், இலங்கை என்றேன். விளங்கவில்லை. மதராசுக்குக் கிட்ட என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. 'மதராஸ்! அஸ்தரார்!' என்றார்.

அஸ்தரார் என்பது உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை. 1794 இல் சென்னையில் ஷ்மவோனியன் என்ற பாதிரியார் அச்சிட்டது. அதற்கு முன்பே, 1770களில், ஷாகாமீரியன் என்ற வணிகக் குடும்பம் சென்னையில் அச்சகம் வைத்து, அப்போது இல்லாத ஒரு ஆர்மேனியக் குடியரசுக்கு அரசியல் சட்டமே எழுதி அச்சடித்தது. நாடில்லை, சட்டம் தயார்!

அந்தச் சென்னைக் கோயிலை நான் பார்த்திருக்கிறேன். 2006 இல் ஏ9 பாதை மூடியபிறகு கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டு, ஏஜென்சிக்காரனுக்காகச் சென்னையில் காத்திருந்த காலம். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் போவேன். அந்தத் தெருவுக்கு ஆங்கிலத்தில் ஆர்மேனியன் தெரு, சனத்தின் வாயில் அரண்மனைக்காரன் தெரு. ஆர்மேனியக்காரன் திரிந்து அரண்மனைக்காரன் ஆகியிருக்கிறான். பக்கத்திலேயே 1772 இல் கட்டிய ஆர்மேனியக் கோயில். ஆறு பெரிய மணிகள், சுமார் 350 கல்லறைகள். ஷ்மவோனியனும் அங்கேதான் கிடக்கிறார். ஒரு காவலாளியைத் தவிர வேறு ஆளைக் காணவில்லை.

கிழவியிடம் இதைச் சொன்னேன். "இப்போது எத்தனை பேர் அங்கே?" என்றார். பூசைக்குக்கூட ஆளில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் மணி மட்டும் அடிக்கிறார்கள் என்றேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "உன் பிள்ளைகளுக்கு உங்கள் மொழி தெரியுமா?" என்று கேட்டார்.

மூத்தவள் எழுத்துக் கூட்டி வாசிப்பாள், சின்னவன் கேட்டால் விளங்கிக்கொள்வான், பதில் பிரெஞ்சில்தான் என்றேன்.

"என் பேரனும் அப்படித்தான்" என்று எனக்கும் ஒரு மெழுகுதிரி எடுத்துத் தந்தார். மணி ஐந்தரை. கொளுத்திவிட்டு வேலைக்கு ஓடினேன்.