முத்துச் சலாபமும் கைத்தொலைபேசியும்

உழைப்பவன் ஒருவன், பயன் கொள்பவன் மற்றொருவன் என்னும் நிலை மன்னார்க் கரைக்குப் புதியதன்று. அரிப்பிலே கடலரிப்புக்கு இரையாகி நிற்கும் டொரிக் மாளிகையை நம்மிற் பலர் பார்த்திருக்கின்றோம். பிரித்தானிய தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்யவென 1801க்கும் 1804க்கும் இடையிற் கட்டுவித்தது அது. 1905ஆம் ஆண்டின் பெருஞ் சலாபத்திலே, மூச்சடக்கிக் குளித்தவர் கரைசேர்த்த சிப்பிகளில் மூன்றில் இரு பங்கு அரசுக்குப் போயிற்று. எஞ்சிய ஒரு பங்கே குளிகாரருக்கு. 1906இல் சலாப உரிமை 20 ஆண்டுக் குத்தகையாகக் கம்பனி ஒன்றின் கைக்குச் சென்றது. கடல் நம்முடையது, உரிமைச் சீட்டோ பிறருடையது.

இன்று நாம் காசு கொடுத்து வாங்கும் கைத்தொலைபேசியின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கதே. எங்கே போகின்றோம், யாரோடு பேசுகின்றோம், எதைத் தேடுகின்றோம் என்னுஞ் செய்திகள் நம் கையிலிருந்தே திரட்டப்பட்டு, விளம்பர வாணிகத்துக்கு முதலாகின்றன. இலவசமாகச் சேவை கிடைக்கின்றதே என்பர் சிலர். உண்மைதான், ஆனால் அதன் விலையை நிர்ணயித்தவர் நாமல்லர். போர்க்காலத்தில் ஒரு கடிதம் எழுதவும் இருமுறை எண்ணிய மக்களுக்கு அந்தரங்கத்தின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

இந்நிலைக்கு மாற்று உண்டா? வரலாறு உண்டு என்கின்றது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல், தமது 21ஆம் வயதில், லினக்ஸை வெளியிட்டார். அதனையே கருவாகக் கொண்ட அன்ட்ரொய்ட் என்னும் பணிசெயல் முறைமை 2008இல் சந்தைக்கு வந்தது. அதன் மூலநிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம். ஆயினும் நம் கடைகளுக்கு வரும் கருவிகளிற் பெரும்பாலானவை கூகிளின் மூடிய நிரல்களை மேலே சுமந்தே வருகின்றன. அம்மூலநிரலைக் கொண்டு ஆர்வலர் 2009இல் சயனோஜன்மொட் என்னும் வேறொரு முறைமையைத் தந்தனர். அதனைப் பொறுப்பேற்றிருந்த கம்பனி 2016 டிசெம்பரிற் கைவிடவே, தன்னார்வலர் அதனை லினேஜ் ஓஎஸ் என்னும் பெயரில் தொடர்ந்தனர். 2013இல் எட்வேர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவுத்துறையின் கண்காணிப்பை வெளிப்படுத்தியபின், அந்தரங்கம் காக்கும் முறைமைகளுக்கு மதிப்பு உயர்ந்தது. கிராபீன் ஓஎஸ் அவற்றுள் ஒன்று. பாக்கு நீரிணையின் அக்கரையிலும், சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் ஒன்று 2023 ஜனவரியில் பாரோஸ் என்பதனை அறிமுகஞ் செய்தது.

எனினும் எல்லாக் கருவிகளிலும் இவற்றை ஏற்ற முடியாது. பூட்லோடர் என்னுந் தொடக்க நிரல் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க உற்பத்தியாளர் இசைதல் வேண்டும். ஹுவாவே 2018இல் திறவுகோல் வழங்குவதை நிறுத்திக்கொண்டது. வேடிக்கை யாதெனில், கிராபீன் ஓஎஸ் வளர்ந்தது கூகிளின் பிக்சல் கருவிகளிலேயே. அவை பூட்டைத் திறக்கவும், முறைமையை மாற்றியபின் மீண்டும் பூட்டவும் இடந்தருவன. மீண்டும் பூட்டாவிடின், கருவி பிறர் கையிற் சிக்கும்போது நிரலை அவர் மாற்றிவிடக்கூடும்.

ஆதலால் வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டல் நன்று. பூட்டுத் திறக்குமா? நாம் விரும்பும் முறைமையின் பட்டியலில் அந்த மாதிரி உண்டா? பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் எத்தனை ஆண்டு வரும்? 2023இல் வந்த பிக்சல் 8க்கு ஏழாண்டு என உறுதி கூறப்பட்டது. பழைய கருவிகளுக்கு அவ்வளவு இல்லை. வெளிநாட்டு உறவினர் அனுப்புங் கருவி அங்குள்ள தொலைபேசிக் கம்பனியோடு பிணைக்கப்பட்டதாயின், பூட்டுத் திறவாமலும் போகலாம். திறக்கும்போது உள்ளிருப்பவை யாவும் அழியும் என்பதையும், சில வங்கிச் செயலிகள் பின்னர் இயங்க மறுக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் வேலியாகும்; வேலி மட்டும் பயிரைக் காத்துவிடாது. இலங்கைக் கணினியாளர் 2004 ஆழிப்பேரலையின்பின் ‘சகானா’ என்னுங் கட்டற்ற மென்பொருளை ஆக்கி உலகுக்கு ஈந்தவர். அவ்வழி வந்த இளைஞராகிய நாம், கமராவையும் விலையையும் மட்டும் பாராது, திறவுகோல் யார் கையில் என்றும் கேட்டு வாங்குவோமாக!