கிலோ கணக்கு: லோட்டஸ் தொழிற்சாலையில் ஒரு மதியம்

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் நம் வீடுகளில் நடக்கும் சடங்கு உங்களுக்குத் தெரியும். பெட்டியை எடை போட்டால் இரண்டு கிலோ கூடுதலாக இருக்கும். மாவடுவை எடுப்பதா, புளிக்காய்ச்சலை எடுப்பதா என்று நடுராத்திரியில் ஒரு பஞ்சாயத்து. இந்தப் பஞ்சாயத்தையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் ஒருவர் உண்டு. பெயர் காலின் சாப்மன். லோட்டஸ் கார் கம்பெனியை ஆரம்பித்தவர்.

2010-ல் ஆபீஸ் வேலையாக இங்கிலாந்து போனபோது ஒரு நாள் லீவு கிடைத்தது. லண்டனைச் சுற்றிப் பார்க்காமல் ரயில் பிடித்து நார்விச் போய், அங்கிருந்து டாக்சியில் ஹெத்தல் கிராமத்துக்குப் போனேன். (ஒரு கார் ஃபேக்டரிக்காகவா லண்டனை விட்டீங்க என்று தங்கமணி இன்றைக்கும் கேட்கிறாள்.) சுற்றிலும் வயல், நடுவில் தொழிற்சாலை. இரண்டாம் உலகப்போரில் அது அமெரிக்க விமானப்படையின் தளம். பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்துதான் ஜெர்மனிக்குப் பறந்தன. 1966-ல் லோட்டஸ் அங்கே குடியேறியது. பழைய ஓடுபாதையின் பகுதிகள்தான் கார்களை ஓட்டிப் பார்க்கும் டிராக்.

சாப்மன் 1928-ல் பிறந்தவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டமைப்புப் பொறியியல் படித்தார். பிறகு பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் வேலை. அதாவது, பாலம் எந்த இடத்தில் பாரம் தாங்குகிறது, எந்த இடத்தில் சும்மா இருக்கிறது என்று கணக்குப் போடத் தெரிந்தவர். பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்து 1948-ல் முதல் காரைக் கட்டினார். 1952-ல், பின்னாளில் மனைவியான ஹேசல் கொடுத்த 25 பவுண்டில் கம்பெனி தொடங்கியது. முதல் பட்டறை, அப்பா நடத்திய ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த குதிரை லாயம்.

அவர் கணக்கு ரொம்ப எளிது. எஞ்சின் சக்தியைக் கூட்டினால் நேர் ரோட்டில் வேகம் வரும். எடையைக் குறைத்தால் நேர் ரோடு, வளைவு, பிரேக் என்று எல்லா இடத்திலும் லாபம். கார் லேசானால் சின்ன எஞ்சின் போதும். அதற்குச் சின்ன பிரேக், சின்ன டயர் போதும். அதனால் கார் இன்னும் லேசாகும்.

1957-ல் வந்த லோட்டஸ் செவனைப் பிரித்த பாகங்களாகவும் விற்றார்கள். வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரி கிடையாது! 1973-ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போனது. அந்த வருடமே செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் கைக்குப் போய்விட்டது. 1962-ல் வந்த எலான், கண்ணாடியிழை உடம்புக்கு உள்ளே முதுகெலும்பு மாதிரி ஒரே ஒரு இரும்புச் சட்டம் கொண்ட கார்.

நான் அசெம்பிளி லைனில் பார்த்தது எலிஸ். பெரும்பாலும் கைவேலைதான். உடம்பு மூடாத சட்டம் ஒன்று தள்ளி வைத்திருந்தது. அலுமினியத் துண்டுகளை வெல்டிங் செய்யாமல் எபாக்ஸி பசையால் ஒட்டியிருக்கிறார்கள்! 1996-ல் வந்த முதல் எலிஸில் அந்தச் சட்டம் 68 கிலோ. ஓர் ஆள் எடை. மொத்தக் காரும் சுமார் 725 கிலோ. நம்ம மாருதி 800-ஐ விடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் எஞ்சின் 118 குதிரைத்திறன். அலுமினியம் கம்பெனியில் வேலை பார்த்தவர் இதைப் பார்க்கவில்லை. 1982-லேயே மாரடைப்பில் போய்விட்டார்.

பக்கத்தில் டெஸ்லா ரோட்ஸ்டர்களும் இருந்தன. எலிஸை ஒட்டி வடிவமைத்த அந்தக் கார்களை, மோட்டாரும் பேட்டரியும் இல்லாமல் அங்கே கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பேட்டரி மட்டும் சுமார் 450 கிலோ. கஷ்டப்பட்டுக் குறைத்த எடை எல்லாம் அந்த ஒரு பெட்டியில் திரும்பி வந்தது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். லோட்டஸில் 1963, 1965 என்று இரண்டு முறை உலக சாம்பியனான ஜிம் கிளார்க், 1968-ல் ஹாக்கன்ஹைமில் லோட்டஸ் ஓட்டும்போதே இறந்தார். கார்கள் உடைகின்றன, பாகங்களைப் பலப்படுத்துங்கள் என்று ஜோக்கன் ரிண்ட் 1969-ல் சாப்மனுக்குக் கடிதமே எழுதினார். அடுத்த வருடம் மோன்சாவில் பயிற்சியின்போது அவரும் போனார். முன்பக்க பிரேக் தண்டு ஒன்று உடைந்திருந்தது. அந்த வருட சாம்பியன் பட்டம் அவர் இறந்த பிறகு அவருக்குக் கிடைத்தது. அந்தக் காலப் பந்தயங்களில் பல அணிகளிலும் சாவு இருந்தது, உண்மைதான். ஆனாலும் எந்தக் கிலோவை எடுக்கலாம், எதை எடுக்கவே கூடாது என்ற கேள்வி அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

மகள் பின்சீட்டில் உட்காரும் காரில் ஏர்பேக்கையும் கதவுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியையும் நான் எடுக்கச் சொல்வேனா? மாட்டேன். ஆனால் கார்களின் எடை ஏறுவதற்குக் காரணம் அது மட்டும் இல்லையே!

எலிஸ் 2021-ல் நின்றது. மொத்தம் 35 ஆயிரத்துக்கும் சற்று மேல் கட்டியிருக்கிறார்கள். 2017-ல் கம்பெனியின் பெரும்பங்கு சீனாவின் ஜீலியிடம் போனது. பிறகு வூஹானில் தயாராகி வந்த எலெட்ரா என்ற மின்சார எஸ்யூவி சுமார் இரண்டரை டன். அதாவது மூன்று எலிஸுக்கும் மேல். அதன் மூக்கிலும் சாப்மனின் முழுப்பெயரின் நான்கு முதலெழுத்துகள் பொறித்த அதே வட்டச் சின்னம்தான்.

அடுத்த முறை கார் பார்க்கப் போகும்போது மைலேஜ், சன்ரூஃப் கேட்பதோடு வெறும் வண்டியின் எடை எவ்வளவு என்றும் கேட்டுப் பாருங்கள். விற்பவர் உடனே பதில் சொன்னால் எனக்கும் சொல்லுங்கள்.