பட்டியும் காவற்கூலியும்

கொழும்புத் துறைமுகத்துக்கு அணித்தாயமைந்த ஜிந்துப்பிட்டி, கோயிலாலும் நாடக மேடையாலும் பெயர்பெற்ற இடம். போர்த்துக்கீசர் காலத்துச் சன் தோமே தேவாலயத்தின் பெயரே திரிந்து ஜிந்துப்பிட்டியாயிற்று என்று கூறுவாருமுண்டு. இதன் அண்டையிலுள்ள செட்டியார் தெருவும் புறக்கோட்டைக் கடைவீதிகளும் நெடுங்காலம் மாட்டு வண்டியை நம்பியே வாழ்ந்தன. 1867ஆம் ஆண்டிற் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்குமுன், மலைநாட்டுக் கோப்பியும் பெரும்பாலும் மாட்டு வண்டியேறியே கொழும்பை அடைந்தது.

வண்டி ஓடினால் வண்டிக்காரனுக்கு அன்றைய உணவு உண்டு. மாடோ வண்டியோ பிறர் கையில் அகப்பட்டுவிட்டால் வருவாய் நின்றுவிடும். அதனை வைத்திருப்பவன் கேட்கும் கூலியோ நாள்தோறும் வளரும். கூலியைக் கொடுக்க வண்டி ஓடவேண்டும். வண்டி ஓடக் கூலியைக் கொடுக்கவேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கச் சட்டம் செய்த முயற்சியே வாகனக் காப்பகக் கட்டண விதிகளின் வரலாறாகும்.

இக்காப்பகங்களின் மூதாதை மாட்டுப்பட்டியாகும். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைப்பதும், ஈடு பெற்றபின் விடுவதும் பழைய வழக்கம். இலங்கையில் 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கால்நடைகளின் அத்துமீறலுக்கு ஒழுங்கு வகுத்தது. அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1871இல், பிரித்தானிய இந்தியாவிற் கால்நடை அத்துமீறற் சட்டம் பிறந்தது. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய நகரங்களுக்கு அது விலக்களித்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிற் 'பவுண்டு' என்றும் கொண்டித்தொழு என்றும் வழங்கிய அடைப்பு அச்சட்டத்தின்பாற்பட்டதே. ஜிந்துப்பிட்டியில் வந்து குடியேறிய தமிழக மக்கள் விட்டுவந்த ஊர்களிலும் அத்தகைய அடைப்புகள் இருந்தன.

அச்சட்டத்தின் விதிகள் நுணுகி நோக்கற்பாலன. யானைக்கு 2 ரூபாய், எருமைக்கு 8 அணா, காளைக்கும் பசுவுக்கும் 4 அணா, ஆட்டுக்கு 1 அணா எனத் தண்டம் வரையறுக்கப்பட்டது. தீனிக்கும் தண்ணீருக்கும் உரிய கூலி விகிதத்தைத் தண்டப் பட்டியலோடு சேர்த்து, பட்டியருகே யாவரும் காணுமிடத்தில் எழுதி வைக்கவேண்டும். ஏழு நாளுக்குள் உரிமையாளன் வாராவிடிற் காவல் நிலையத்துக்குத் தெரிவித்து அறிவித்தல் விடவேண்டும். அதன்பின் மேலும் ஏழு நாள் கழிந்தாலன்றி ஏலமிடலாகாது. உரிமையாளன் வந்தும் பணங்கட்ட மறுத்தால், விற்ற பணத்திற் செலவு போக மிஞ்சியதைக் கணக்கோடு அவனிடம் ஒப்படைக்கவேண்டும். எவரும் கோராத பணம் மூன்று மாதம் வைப்பிலிருக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பட்டிக் காவலனும் பொலிசு அதிகாரியும் அந்த ஏலத்தில் மாட்டை நேராகவோ மறைவாகவோ வாங்கக்கூடாது.

இவ்விதிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வஞ்சத்துக்கு இடப்பட்ட தடை. விகிதம் எழுதப்படாவிட்டால் காவலன் வாயில் வந்ததே கூலியாகும். கெடு இல்லாவிட்டால் தீனிச்செலவு மாட்டின் விலையையே விழுங்கிவிடும். காவலனே ஏலத்தில் வாங்கலாமெனின், உரிமையாளன் வராதிருப்பதே அவனுக்கு இலாபமாகும்.

பட்டி அரசாங்கத்தின்பாற்பட்டது. தனியார் ஒருவர் பிறர் பொருளைக் கூலிக்காகத் தடுத்து வைக்கலாமா என்பது வேறொரு வினா. இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அங்கு வழங்கிய உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தை 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் நிலைநிறுத்தினர். பிறர் பொருளைப் பேணுதற்கு இன்றியமையாத செலவு செய்தவன், அச்செலவு கிடைக்குமளவும் அதனைத் தன் கையில் வைத்திருக்கலாம் என்பது அச்சட்டத்தின் கொள்கை. எனினும் உரிமையாளன் தக்க பிணை கொடுப்பின் பொருளை விடுவிக்க நீதிமன்றம் ஆணையிடலாம். வண்டியும் ஓடும், வழக்கும் நடக்கும்.

ஆங்கிலப் பொதுச் சட்டமோ இன்னும் இறுக்கமானது. வழிப்போக்கனின் குதிரையைச் சத்திரக்காரன் கூலிக்காகத் தடுத்து வைக்கலாம். வாடகைக்குக் குதிரை பேணும் இலாயக்காரனுக்கு அவ்வுரிமை இல்லையென 1833இல் ஒரு தீர்ப்பு நிலைநாட்டியது. உரிமையாளன் நினைத்தபோது குதிரையை வெளியே கொண்டு செல்வானாதலின், இலாயக்காரனிடம் இடையறாத கைவசம் இல்லை. 1915இல் ஒரு மோட்டார் வண்டியைப் பராமரித்த நிறுவனத்துக்கும் அதே நியாயம் உரைக்கப்பட்டது. குதிரைக்கு எழுந்த சட்டம் மோட்டாருக்கும் பொருந்திற்று.

மோட்டார் யுகம் முதிர்ந்தபின் பட்டியின் விதிகளே புதுக்கோலம் பூண்டன. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1985ஆம் ஆண்டில் வாகனக் காப்பகங்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அங்கு காப்பகம் நடத்த அனுமதிப்பத்திரம் வேண்டும். நாட்கூலிக்கு உச்சவரம்பு உண்டு. அம்மாநிலத்திற் பதிவான வாகனமாயின் கையேற்ற ஐந்து நாளுக்குள் உரிமையாளனுக்கு அஞ்சலில் அறிவித்தல் அனுப்பவேண்டும். 1871இல் மாட்டுக்கு வகுத்த வரம்பும் அறிவித்தலும் இங்கே காருக்கு வகுக்கப்பட்டன.

ஜிந்துப்பிட்டி வீதிகளில் மாட்டு வண்டியின் இடத்தை இன்று முச்சக்கர வண்டி பெற்றுள்ளது. அவற்றுட் பல குத்தகைக் கடனில் வாங்கப்பட்டவை; இக்குத்தகைகளுக்கு 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் உண்டு. தவணை தவறிய வண்டி கைப்பற்றப்பட்டு எங்கோ ஒரு வளவில் நிறுத்தப்படும்போது, பழைய முடிச்சு மீண்டும் இறுகுகின்றது. அப்போது உரிமையாளன் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: எந்த அதிகாரத்தால் வண்டி பிடிக்கப்பட்டது? நாட்கூலியின் விகிதம் எங்கே எழுதப்பட்டுள்ளது? விற்றால், மிஞ்சிய பணத்துக்குக் கணக்கு யார் தருவார்? நான்கு அணாத் தண்டத்துக்குட்பட்ட காளைக்கே இம்மூன்றுக்கும் சட்டம் விடை வைத்திருந்தது. ஒரு குடும்பத்தின் பிழைப்பைச் சுமந்து ஓடும் வண்டிக்கு அதனினும் குறைந்த காப்பு நீதியாகாது.