வலிக்காது என்ற வாக்கு

18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸ் நகரத்து போன் நெஃப் பாலத்தைக் கடந்தவர் எவரும் ‘கிரான் தோமா’வைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. ‘பெரிய தோமா’ என்று ஊரே அழைத்த அந்த ஆஜானுபாகுவான மனிதரின் தொழில், தெருவில் நின்று பல் பிடுங்குவது. அலங்கார வண்டி, பகட்டான மேலங்கி, இறகு செருகிய தொப்பி எல்லாமே தூரத்திலிருந்தே அவரைக் காட்டிக்கொடுத்தன. 1729இல் பட்டத்து இளவரசர் பிறந்தபோது, மக்களுக்கு இலவசமாகப் பல் பிடுங்குவதாக அறிவித்தார். பெயர், உடை, இடம், திருவிழாச் சலுகை என்று இன்றைய பல் மருத்துவமனைகள் ஆலோசகர்களுக்குப் பணம் கொடுத்து அமைத்துக்கொள்ளும் ‘பிராண்ட்’ அடையாளத்தின் எல்லா அங்கங்களும் அவரிடம் இருந்தன. அந்த அறிவிப்புக்கு ஓராண்டு முன்பு, 1728இல், அதே நகரத்தில் பியேர் ஃபோஷார் என்பவர் பல் மருத்துவம் பற்றி இரண்டு பாகங்களில் ஒரு நூல் வெளியிட்டார். பல் பிடுங்குவோர் என்ற கூட்டத்திலிருந்து தம்மைப் பிரித்துக்காட்ட அவர் சூட்டிக்கொண்ட பெயர், பல் அறுவை மருத்துவர். பல் மருத்துவத் தொழிலின் அடையாளம் பற்றிய வழக்கு இந்த இருவரிடமிருந்து தொடங்குகிறது. சத்தம் போட்டவர் போலி, அடக்கமாக இருந்தவர் உண்மையானவர் என்றுதான் இதற்கு வழக்கமாகத் தீர்ப்பு எழுதுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. எந்த அடையாளம் நம்பத்தக்கது என்பதைச் சத்தத்தின் அளவு தீர்மானிப்பதில்லை. கொடுத்த வாக்கைச் சரிபார்க்கும் வழியையும் சேர்த்துக் கொடுத்தாரா என்பதே கேள்வி.

ஃபோஷாரின் பெருமை அங்கேதான் இருக்கிறது. கைத்தொழில்காரர்கள் தங்கள் நுணுக்கங்களை மகனுக்கும் சீடனுக்கும் மட்டும் சொல்லிக்கொடுத்த காலத்தில், அவர் கருவிகளையும் முறைகளையும் படம் போட்டு அச்சில் வைத்தார். பல்வலிக்குப் புழுதான் காரணம் என்ற பழைய நம்பிக்கையை, அப்படி ஒரு புழுவைத் தாம் கண்டதில்லை என்று சொல்லி மறுத்தார். தெருவில் நடந்த ஏமாற்றையும் அம்பலப்படுத்தினார். காசு வாங்கிய கூட்டாளி ஒருவன் நோயாளியாக நடிப்பான். மெல்லிய சவ்வில் கோழி ரத்தத்தோடு சுற்றி மறைத்துவைத்த பல், வலியே இல்லாமல் அவன் வாயிலிருந்து வந்ததுபோல் வெளியே வரும். அந்த நூலும் ஒரு விளம்பரம்தானே, அதில் அவர் தாம் குணப்படுத்தியவர்களின் கதைகளை அடுக்கவில்லையா என்று கேட்கலாம். ஆம், அடுக்கினார். ஆனால் அந்த விளம்பரத்தைப் படித்த இன்னொரு மருத்துவர் அதே முறையைச் செய்துபார்த்து, தவறென்றால் தவறென்று சொல்ல முடியும். கோழி ரத்தத்தில் நனைந்த பல்லுக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

இருந்தாலும் நூல் படித்துச் சரிபார்ப்பது சக மருத்துவர்களின் வேலை. நாற்காலியில் உட்காரும் நோயாளி எதை வைத்து மதிப்பிடுவார்? அடைத்த பல் நிலைக்குமா என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியும். உடனே தெரிவது வலி ஒன்றுதான். அதனால்தான் பல் மருத்துவத்தின் அடையாளம் மீண்டும் மீண்டும் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே கட்டப்பட்டது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கார்ட்னர் கோல்டன் என்பவர் காசு வாங்கிக்கொண்டு சிரிப்பூட்டும் வாயுவின் வேடிக்கைகளைக் காட்டினார். வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணராததை, பார்வையாளராக வந்திருந்த ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் கவனித்தார். மறுநாளே அதே வாயுவை முகர்ந்து தம் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்கச் செய்தார். அடுத்த மாதம் பாஸ்டனில் மருத்துவர்கள் முன் செய்துகாட்டியபோது நோயாளி அலறியதால் வெல்ஸின் பெயர் கெட்டது. அந்த வாயுவைப் பிறகு தொழிலாக நிலைநிறுத்தியவர், வேடிக்கை காட்டிய கோல்டன்தான். 1863இல் நியூயார்க்கில் அவர் தொடங்கிய நிலையம், வலியில்லாமல் பல் பிடுங்குவதை மட்டுமே செய்தது. பல் எடுத்துக்கொண்டவர்கள் ஒரு நீண்ட சுருளில் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துகள் லட்சத்தைத் தாண்டின. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதே வழி என்றிருந்த மக்களுக்கு, தங்களைப் போன்ற சாதாரணர்கள் போட்ட அந்தக் கையெழுத்தைவிடப் பெரிய சாட்சி வேறு எது?

வலிக்காது என்ற அதே வாக்கை விற்ற எட்கர் பார்க்கர் என்ற பல் மருத்துவரின் கதையைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். கனடாவில் 1872இல் பிறந்து, 1892இல் பிலடெல்ஃபியா பல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பல் மருத்துவச் சங்கம் விதித்த ஒழுக்கப்படி விளம்பரம் இல்லாமல் காத்திருந்து பார்த்தார், நோயாளிகள் வரவில்லை. தெருவுக்கு வந்தார். ஒரு பல்லுக்கு 50 சென்ட். வலித்தால் 5 டாலர் தருவதாக வாக்கு. கொக்கைன் கலந்த நீர் மருந்து ஈற்றை மரக்கவைத்தது. அது கேட்காதபோது வாத்தியக் கோஷ்டியின் முழக்கம் அலறலை மூடியது. ஒரே நாளில் பிடுங்கியவை என்று சொல்லி 357 பற்களைக் கோத்து மாலையாக அணிந்தார். பின்னாளில் சர்க்கஸ் ஒன்றையே வாங்கி ஊர் ஊராகப் போனார். பெயருக்கு முன் ‘வலியற்ற’ என்று போடுவது பொய் விளம்பரம் என்று கலிஃபோர்னியாவில் தடுத்தபோது, 1915இல் தம் பெயரையே சட்டப்படி ‘பெயின்லெஸ் பார்க்கர்’ என்று மாற்றிக்கொண்டார். மேற்குக் கடற்கரையில் அவர் பெயரில் சுமார் 30 நிலையங்கள் இயங்கின. இதில் எது குற்றம்? விலையை வெளிப்படையாகச் சொன்னது குற்றமில்லை. மருத்துவர் வாசலையே மிதித்திராத ஏழைகளிடம் அது சிகிச்சையைக் கொண்டுபோனது. வலித்தால் பணம் என்ற வாக்கும் குற்றமில்லை. அது சரிபார்க்கக்கூடிய வாக்கு. வாத்தியம்தான் குற்றம். வரிசையில் நிற்கும் அடுத்தவர் காதில் விழவேண்டிய சாட்சியத்தை அது அழித்தது. பெயர் மாற்றமும் அப்படியே. உண்மையா பொய்யா என்று கேட்கக்கூடிய ஒரு கூற்றை, யாரும் கேள்வி கேட்க முடியாத பெயராக அது ஆக்கிவிட்டது.

அப்படியானால் விளம்பரத்தை அடியோடு தடுத்த சங்கம் செய்தது சரிதானே என்று ஒருவர் கேட்கலாம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 1866ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் கைப்பிரதி, சுவரொட்டி, குறைந்த கட்டணம் பற்றிய அறிவிப்பு எல்லாவற்றையும் தொழிலுக்கு இழுக்கு என்றன. தேர்ச்சி இல்லாதவர்கள் மலிந்திருந்த காலத்தில் அந்தக் கண்டிப்புக்கு நியாயம் இருந்தது. ஆனால் பட்டமும் மௌனமுமே அடையாளம் என்றான பிறகு, நோயாளிக்குக் கட்டணம்கூட முன்கூட்டித் தெரியாமல் போயிற்று. தெருவில் வாத்தியம் மறைத்ததை இங்கே கண்ணியம் மறைத்தது. 1977இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் சங்கத்தின்மேல் நடவடிக்கை எடுத்தது. 1979இல், உண்மையான விளம்பரத்தைத் தடுப்பதில்லை என்று சங்கம் இணங்கியது. பொய்யைத் தடுக்கும் உரிமை மட்டும் அதனிடம் மிஞ்சியது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய எல்லைக்கோடு அது. 1976இல் வகுத்த ஒழுக்க விதிகளில் விளம்பரத்தை ஒழுக்கக்கேடாக வைத்த இந்தியாவிலும், சமூக ஊடகப் படங்கள் அந்த விதியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் இந்நாளில், கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பளிச்சென்ற சிரிப்புப் படங்களோடு கட்டணம், செய்யப்போகும் சிகிச்சை, அது எத்தனை நாள் நிலைக்கும் என்பவற்றையும் நோயாளிக்கு எழுதிக் கொடுக்கிறார்களா?

பார்க்கர் 1952இல் இறந்தார். அவர் படித்த கல்லூரி பின்னர் டெம்பிள் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்குள்ள பல் மருத்துவ அருங்காட்சியகத்தில் அவருடைய பல் மாலையும், பிடுங்கிய பற்கள் நிறைந்த மர வாளியும் இருக்கின்றன.