சமமானால் யாருக்கு?

ஒரு பிரிவில் நான்கு குழுக்கள். எல்லாரும் எல்லாரோடும் ஆடியாகிவிட்டது. இரண்டு குழுக்கள் ஒரே புள்ளியில் நிற்கின்றன. அடுத்த சுற்றுக்கு ஒன்றுதான் போகலாம். யாரை அனுப்புவது?

பள்ளி ஹாக்கியிலிருந்து ஒலிம்பிக் வரை எல்லா விதிப் புத்தகங்களிலும் இதற்கென்று ஒரு பத்தி இருக்கும். யாரும் படிக்காத பத்தி. லீக்கின் கடைசி நாளன்று மட்டும் பயிற்றுநர், பிள்ளைகள், அப்பா அம்மா எல்லாரும் கைப்பேசியில் தேடித் தேடிப் படிப்பார்கள். 'டை பிரேக்கர்' என்று சொல்கிறோமே, அதுதான். பார்ப்பதற்கு நிர்வாகச் சில்லறை மாதிரி இருக்கும். ஆனால் ஒரு விளையாட்டு உண்மையில் எதை மதிக்கிறது என்பது அந்தப் பத்தியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இளையோர் ஹாக்கியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதன் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டித்தான் ஆக வேண்டும்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். சைனாடவுன் ஓரத்தில் இருக்கும் ஹொங் லிம் பூங்காவை இன்று பேச்சாளர் முனையாகத்தான் பலருக்கும் தெரியும். 1876-இல் சியாங் ஹொங் லிம் 3,000 வெள்ளி கொடுத்துப் பொதுப் பூங்காவாக்கிய இடம் அது. 1885-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் சைனீஸ் ரிக்ரியேஷன் கிளப் அங்கேதான் டென்னிசும் கிரிக்கெட்டும் ஆடியது. பாடாங்கின் ஒரு முனையில் ஐரோப்பியர்களின் கிரிக்கெட் கிளப், மறுமுனையில் யுரேஷியர்களின் ரிக்ரியேஷன் கிளப். லிட்டில் இந்தியாவைத் தாண்டிப் பாலஸ்டியர் பக்கம் போனால் இந்தியர் சங்கம், சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப், சீக்கியர்களின் கால்சா சங்கம். ஆளுக்கொரு சமூகம், சமூகத்துக்கொரு திடல்.

இப்படிப் பிரிந்து கிடந்த ஊரிலிருந்து 1956-இல் ஒரே சட்டை போட்டுக்கொண்டு ஒரு ஹாக்கிக் குழு மெல்பர்ன் ஒலிம்பிக்குக்குப் போனது. அதில் ஆறுமுகம் விஜயரத்தினமும் இருந்தார். இலங்கைத் தமிழர், பொறியாளர், பின்னாளில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதல் இணைவேந்தர். ஹாக்கி, கிரிக்கெட், காற்பந்து, ரக்பி என நான்கிலும் சிங்கப்பூருக்கு ஆடியவர்.

சிங்கப்பூர் இருந்த பிரிவில் இந்தியா, ஆப்கானிஸ்தான், அமெரிக்கா. நம்மவர்கள் ஆப்கானிஸ்தானை 5–0, அமெரிக்காவை 6–1 என்று வென்றார்கள். இந்தியாவிடம் 0–6 என்று தோற்றார்கள். அதே இந்தியா ஆப்கானிஸ்தானுக்கு 14, அமெரிக்காவுக்கு 16 கோல் போட்டிருந்தது. ஆறோடு தப்பித்தது சாதாரண விஷயமில்லை. பிரிவில் இரண்டாவது இடம் சிங்கப்பூருக்கு.

சிக்கல் இங்கேதான். பிரிவுகள் மூன்று, அரையிறுதி இடங்கள் நான்கு. பிரிவில் முதலாக வந்த மூன்று குழுக்கள் போனால் ஓர் இடம் மிச்சம். அந்த இடம் பாகிஸ்தான் இருந்த பிரிவிலேயே ஆடிய ஜெர்மனிக்குப் போனது. சிங்கப்பூர் கீழ்வரிசை இடங்களுக்கான ஆட்டங்களுக்குப் போய் எட்டாவதாக முடித்தது. ஒலிம்பிக்கில் எட்டாவது என்பது பெரிய விஷயம்தான். அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒருவரோடொருவர் ஆடவே ஆடாத குழுக்களில் யார் மேல் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி அங்கிருந்து நம்மை விடாமல் துரத்துகிறது.

கணக்கு தெரிந்தவர்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். பழைய வழி கோல் சராசரி: போட்ட கோலை வாங்கிய கோலால் வகுப்பது. இங்கிலாந்தின் காற்பந்து லீக் 1890களிலிருந்து 1976 வரை இதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. புதிய வழி கோல் வித்தியாசம்: வகுக்காமல் கழிப்பது.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. சிங்கப்பூரின் மெல்பர்ன் எண்களையே எடுத்துக்கொள்வோம். பிரிவு ஆட்டங்களில் போட்டது 11, வாங்கியது 7. வித்தியாசம் 4, சராசரி 1.57. பக்கத்தில் ஒரு கற்பனைக் குழுவை வைப்போம்: போட்டது 5, வாங்கியது 2. வித்தியாசம் 3, சராசரி 2.5. கழித்தால் சிங்கப்பூர் மேலே, வகுத்தால் கீழே. ஆடியது அதே ஆட்டம்தான், கூட்டல் கழித்தல் செய்பவர் மாறினால் வீட்டுக்குப் போகும் குழுவும் மாறிவிடுகிறது.

வகுத்தல் தற்காப்பை மதிக்கிறது. கோல் வாங்காமல் இருந்தாலே போதும். கழித்தல் தாக்குதலை மதிக்கிறது. வகுத்தலுக்கு இன்னொரு கோளாறும் உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா 29 கோல் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. 1956-இல் மறுபடியும் அதே கதை: 38 கோல், வாங்கியது பூஜ்யம். 29-ஐப் பூஜ்யத்தால் வகுங்கள் பார்ப்போம். எந்தக் கால்குலேட்டரும் கையை விரித்துவிடும். அந்தக் காலத்தில் உலகத்திலேயே சிறந்த ஹாக்கிக் குழுவுக்குக் கோல் சராசரி என்ற ஒன்றே கிடையாது.

சமநிலையை முறிப்பதற்குப் பதிலாக அப்படியே ஏற்றுக்கொள்ளும் மூன்றாவது வழியும் இருந்தது. 1973-இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் ஆண்கள் ஹாக்கித் தங்கத்தை மலேசியாவும் சிங்கப்பூரும் பகிர்ந்துகொண்டன. பிரிந்து எட்டே வருடமான இரண்டு நாடுகள். எதில் யார் முந்துவது என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில், அந்த மேடையில், இரண்டு பேரும் சமம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். யாருக்கும் குடி மூழ்கிப் போகவில்லை.

அதற்குப் பிறகு உலகம் அந்த வழியைக் கைவிட்டது. இறுதியாட்டம் என்றால் ஒருவர் ஜெயித்தே ஆக வேண்டும், ரசிகர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். 6.4 மீட்டரிலிருந்து அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்குகள் வந்தன. 1994 உலகக் கிண்ணத்தைப் பாகிஸ்தான் நெதர்லாந்திடமிருந்து அப்படித்தான் பறித்தது. 1998 பேங்காக் ஆசிய விளையாட்டுகளில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் இந்தியா தென்கொரியாவை வென்று, 32 வருடம் கழித்துத் தங்கம் வாங்கியதும் அப்படித்தான். பிறகு இதுவும் லாட்டரி மாதிரி இருக்கிறது என்று சொல்லி, 2011 வாக்கில் ஷூட்-அவுட்டைக் கொண்டுவந்தார்கள். 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவர் பந்தோடு ஓடி வர வேண்டும், எதிரே கோல்காப்பாளர் மட்டும், கையில் 8 விநாடி. இதில் திறமைக்கு இடம் கூடுதல் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பதினோரு பேர் ஆடும் ஆட்டத்தை இரண்டு பேர் முடித்துவைக்கிறார்கள் என்பது மாறவில்லை.

லீக் சுற்றில் இன்று சர்வதேச ஹாக்கிச் சம்மேளனம் பார்க்கும் வரிசை இது: புள்ளி, வெற்றிகளின் எண்ணிக்கை, கோல் வித்தியாசம், போட்ட கோல்கள். அதற்கும் பிறகுதான் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் முடிவு. இதன் விளைவை 2023 உலகக் கிண்ணத்தில் இந்திய ரசிகர்கள் அனுபவித்தார்கள். இந்தியாவும் இங்கிலாந்தும் ஆளுக்கு 7 புள்ளி. தங்களுக்குள் ஆடியது 0–0. இருவருமே ஸ்பெயினையும் வேல்ஸையும் வென்றவர்கள். ஆனால் இங்கிலாந்து அந்த இருவருக்கும் சேர்த்து 9 கோல் போட்டு ஒன்றும் வாங்கவில்லை. இந்தியா 6 போட்டு 2 வாங்கியது. இங்கிலாந்து நேராகக் காலிறுதிக்குப் போனது. கூடுதலாக ஓர் ஆட்டம் ஆட வேண்டி வந்த இந்தியா, நியூசிலாந்திடம் ஷூட்-அவுட்டில் தோற்று வெளியேறியது. இந்தியாவா இங்கிலாந்தா என்ற கேள்விக்கு வேல்ஸின் வலையில் விழுந்த கோல்களை எண்ணிப் பதில் சொன்னார்கள்.

பெரியவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். இளையோருக்கு வருவோம்.

2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கிண்ணம் நடந்தது. 21 வயதுக்குட்பட்ட பையன்கள், 24 குழுக்கள், ஆறு பிரிவுகள். காலிறுதியில் எட்டு இடம். ஆறு முதல்வர்களோடு, இரண்டாவதாக வந்தவர்களில் சிறந்த இரண்டு குழுக்கள். மெல்பர்னின் அதே சிக்கல், கொஞ்சம் பெரிய அளவில். இந்தியாவின் பிரிவில் பாகிஸ்தான் விலகியதால் கடைசி நேரத்தில் ஓமான் வந்து சேர்ந்தது. மதுரையில் இந்தியா ஓமானுக்குப் போட்டது 17 கோல். ஓமான் பையன்கள் பதினேழு முறை நடுக்கோட்டுக்குத் திரும்பி நடந்து போய்ப் புதிதாக ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.

இந்தியப் பையன்களைக் குறை சொல்லவே முடியாது. அவர்கள் விதிப்படி நடந்தார்கள். இன்னொரு பிரிவில் யார் எத்தனை போடுவார்கள் என்று தெரியாதபோது பத்தோடு நிறுத்து என்று எந்தப் பயிற்றுநர் சொல்வார்? ஒவ்வொரு கோலும் நாளைக்கு உதவலாம். அதனால்தான் சொல்கிறேன், டை பிரேக்கர் கடைசி நாளில் வரும் விதி இல்லை. முதல் ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே அது திடலுக்குள் வந்துவிடுகிறது. பலவீனமான குழுவைப் பார்த்ததும் வலிமையான குழுவின் காதில், "இன்னும் போடு, இன்னும் போடு"ன்னு சொல்லிக்கொண்டே இருக்கிறது.

சின்ன லீக்குகளில் இது இன்னும் மோசம். பத்துப் பதினோரு வயதில் ஒரு பள்ளியில் ஸ்டிக் பிடித்து நான்கு வருடமானவர்கள் இருப்பார்கள், இன்னொரு பள்ளியில் நான்கு மாதமானவர்கள். கோல் வித்தியாசத்தை முன்னால் வைத்தால், நான்கு மாதக்காரர்கள் மற்றவர்கள் கணக்கை ஏற்றிக்கொள்ளும் உண்டியலாகிவிடுவார்கள்.

மாற்று இல்லாமல் இல்லை. உலகில் பல இளையோர் போட்டிகளில் வித்தியாசத்துக்கு உச்சவரம்பு வைக்கிறார்கள். ஓர் ஆட்டத்தில் ஐந்துக்கு மேல் எத்தனை போட்டாலும் ஐந்தாகவே எண்ணப்படும் என்பது போல. ஆறாவது கோலுக்கு மதிப்பில்லை என்று தெரிந்தால், பயிற்றுநர் பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளை இறக்கிவிடுவார். நேருக்கு நேர் மோதிய முடிவை முதலில் பார்க்கலாம். சந்தேகம் அந்த இருவருக்குள் என்றால் பதிலும் அவர்களிடமே கிடைக்கட்டும், மூன்றாவது குழுவின் வலை எதற்கு? அதுவும் சமம் என்றால், நேரமிருந்தால் இன்னோர் ஆட்டம்.

நேரமில்லை என்றால்? இரண்டு பேருக்கும் கொடுத்துவிடலாம். கோப்பையை ஆறு மாதம் இந்தப் பள்ளி, ஆறு மாதம் அந்தப் பள்ளி. பிள்ளைகளுக்குத் தோற்கப் பழக்க வேண்டாமா என்று கேட்பார்கள். லீக் முழுக்கத் தோற்றுப் பழகத்தானே செய்கிறார்கள். எதிரில் நிற்பவனும் நம் அளவுக்கு நன்றாக ஆடினான் என்று ஒப்புக்கொள்ளத்தான் எங்கும் பழக்குவதில்லை. 1973-இல் இரண்டு நாடுகளுக்கு அது முடிந்திருக்கிறது. பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு முடியாதா என்ன?