நோர்பரி வீடுகளில் உடுப்புத் தோய்க்கும் மூலைக்கு ஓர் அலுமாரி

உடுப்புத் தோய்ப்பதற்கென்றே தனி அறை உள்ள வீடு நோர்பரியில் மிகக் குறைவு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மாவட்டசபை தனது எல்லைக்கு வெளியே முதன்முதலாக வீட்டுத்திட்டம் ஒன்றைக் கட்டியது இங்கேதான். அக்காலத்து வீடுகளின் பின்பக்கத்தில் சிறிய கழுவும் அறை ஒன்று இருக்கும். உடுப்பை அவிக்கும் செப்புக் கொப்பரை அதில்தான் நின்றது. பின்னர் வந்தவர்கள் பலர் அந்தச் சுவரை இடித்துக் குசினியோடு சேர்த்துவிட்டார்கள். இன்று எமது மெஷின் நிற்பது குசினி மூலையில், அல்லது படிக்குக் கீழே.

அந்த மூலைக்கு அலுமாரி செய்ய நினைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது சுவரை, பலகையை அல்ல. பழைய வீடுகள் பலவற்றின் வெளிச்சுவர் நடுவில் இடைவெளி இல்லாத ஒற்றைச் செங்கற்சுவர். குளிர்காலத்தில் அதன் உட்பக்கம் சில்லென்று இருக்கும். ஒருமுறை தோய்த்த உடுப்பை வீட்டுக்குள் காயப்போட்டால் இரண்டு லீற்றர் வரை தண்ணீர் காற்றில் கலக்கிறது. ஊரில் கிணற்றடியில் தோய்த்துக் கொடியில் போட்டால் வெயில் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். இங்கே அந்த ஈரம் குளிர்ந்த சுவரைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே அலுமாரியை இறுக்கி அடித்தால் அதன் முதுகில் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு உள்ள பிள்ளையோ வயதானவரோ வீட்டில் இருந்தால் அது சின்ன விடயம் அல்ல. ஆகவே வெளிச்சுவருக்கும் அலுமாரிக்கும் இடையில் குறைந்தது இரண்டு அங்குலம் விடுங்கள். அடிப்பலகையிலும் மேலேயும் காற்றுத் துளை வையுங்கள். முடிந்தால் வெளிச்சுவரை விட்டு உட்சுவரையே தெரிவுசெய்யுங்கள்.

பொதுவான மெஷின் ஒன்றின் அகலம் 60 சென்ரிமீற்றர், உயரம் 85. அதற்கான இடம் 64 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். சுழலும்போது பலகையில் முட்டினால் வீடே அதிரும். பின்னால் குழாய்களுக்கும் இடம் வேண்டும். மெஷினை நிறுத்தும் மின்சுவிட்சும் தண்ணீரை அடைக்கும் திருகும் மெஷினுக்குப் பின்னால் மறைந்துவிடக்கூடாது. பக்கத்து அலுமாரியின் உள்ளே கை எட்டும்படி வைப்பதே நல்லது. குழாய் வெடித்த இரவில் மெஷினை இழுத்துக்கொண்டு நிற்க முடியாது.

பலகைக்கு 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள, ஈரம் தாங்கும் பச்சை நிற எம்.டி.எப் அல்லது பிளைவூட் போதும். முழுப் பலகை 2440க்கு 1220 மில்லிமீற்றர். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 60 சென்ரிமீற்றர் ஆழமுள்ள இரண்டு பக்கங்கள் கிடைக்கும். மரக்காலையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள், காரிலும் ஏறும். வெட்டிய ஓரங்களுக்கு இரண்டு தடவை வர்ணம் பூசவேண்டும். ஈரம் உள்ளே போவது அந்த வழியாகத்தான்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 2350 மில்லிமீற்றர் உயரமும் 600 ஆழமும் உள்ள பெட்டியை நிலத்தில் படுக்கவைத்துப் பூட்டினால், நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் 2425. முகடு 2400 என்றால் பெட்டி நிமிராது. நானும் ஒரு சனிக்கிழமை மாலை முழுவதும் அப்படிப் பூட்டியதைக் கழற்றியிருக்கிறேன். கீழ்ப்பெட்டி, மேல்பெட்டி என இரண்டாகச் செய்து ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள்.

மேல்பெட்டியைச் சுவரோடு கட்டாயம் பிணைக்கவேண்டும். செங்கற்சுவரில் துளைபோட்டு பிளக் வைத்தால் பிடிக்கும். மெல்லிய மரச்சலாகைகளின்மேல் சாந்து பூசிய பழைய இடைச்சுவரில் பிளக் நிற்காது. உள்ளே நிற்கும் மரக்காலைத் தட்டிக் கண்டுபிடித்து அதில் திருகாணி இறக்குங்கள். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் இப்படிச் சிறு துளை போடுவதற்கு 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் கொடுக்கத் தேவையில்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

மின்சாரத்தில் கைவைக்கவேண்டாம். இங்கிலாந்தில் வீட்டுக்குப் புதிய மின்சுற்று இழுப்பது 2005 முதல் கட்டட விதிகளுக்குள் வருகிறது. பதிவுபெற்ற மின்வினைஞரிடம் விட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். உலர்த்தி வைத்திருப்பவர்கள் அதன் கைநூலில் சொன்ன இடைவெளியைக் குறைக்கக்கூடாது. 2016 ஆகஸ்டில் ஷெப்பர்ட்ஸ் புஷ் அடுக்குமாடியில் பற்றிய தீ ஓர் உலர்த்தியிலிருந்துதான் தொடங்கியது. பஞ்சுவலையை ஒவ்வொரு தடவையும் துடைப்பதும், எல்லோரும் படுத்தபின் அதை ஓடவிடாமல் இருப்பதும் அலுமாரியின் அழகைவிட முக்கியம்.

இனித் தட்டுகள். பெரிய போத்தல்களில் வாங்கும் சலவைத் திரவம் பாரமானது. அதைக் கீழேயே வையுங்கள், ஆனால் பிள்ளைகள் திறக்கமுடியாத கொளுக்கியோடு. மிட்டாய்போலப் பளபளக்கும் சலவைக் குளிகைகள் மட்டும் மேல்தட்டில், மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும். மெஷினுக்கு மேலே இடம் மிஞ்சினால் அரிசிப் பையை ஏற்றிவிடாதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் வண்டு வைக்க அதிக நாள் எடுக்காது.